ஈரக் கழிவு: எடை அட்டவணை

மர்ஃபி டவுன், மூன்றாவது குறுக்குத் தெரு.
ஏழு நாள், நாற்பத்தொரு வீடு.
வார்டு திட்டத்துக்காக
நானும் என் கொக்கித் தராசும்.

பலாச் சக்கை எறியும் மாடி வீடு
ஒரு கிலோ இருநூறு.
பாதி பிரியாணியைப் பொட்டலத்தோடு போடும்
ஐ.டி. பையன்கள் எண்ணூறு.
திங்கட்கிழமை எல்லா வாசலிலும்
ஞாயிற்றுக்கிழமையின் எலும்பு.

பதினேழாம் எண்ணில் மட்டும்
தினமும் பூஜ்யம்.
அமலோற்பவம் சிரிக்கிறார்:
"தர்பூசணித் தோல் கூட்டாச்சு,
பீர்க்கங்காத் தோல் தொவையலாச்சு,
வடிச்ச கஞ்சி என் வயித்துக்கு.
ஒனக்குத் தர என்னப்பா இருக்கு?"

"சராசரியைக் கெடுக்குது,
அந்த வரியை எடுத்துடுங்க"
என்றார் பொறியாளர்.
எடுத்தேன்.
வீட்டுக்கு அறுநூற்று நாற்பது கிராம்,
முழுசாக வந்தது.

அந்தக் கணக்கில்
பத்து லிட்டர் பச்சை வாளி
எல்லோருக்கும். அவருக்கும்.

நேற்று சரிபார்க்கப் போனேன்.
அலம்பி, மூடி போட்டு,
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவேரித் தண்ணீரை
அதில் பிடித்து வைத்திருக்கிறார்.

'வாளி பயன்பாட்டில் உள்ளதா?'
கட்டம் காலியாக இருக்கிறது.
பேனா மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
ஒரு டம்ளர் தண்ணி வேணுமா என்கிறார்.