சேருமிடம்

திரிசூலம் ஸ்டேஷன், இரண்டாம் கவுன்ட்டர்.
கண்ணாடித் துளைக்கு அந்தப்பக்கம் யார் வந்தாலும்
எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டுக் கொடுப்பேன்.
பதினாலு வருஷமாக.
பீச் என்றால் ஐம்பது நிமிடம்,
செங்கல்பட்டு என்றால் ஒரு மணி,
மழை பிடித்தால் ரயில்வேக்கே தெரியாது.

நான் எந்த ஊருக்குப் போகிறேன் என்று
என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்புக்குள்
தண்டவாளம் மாற்றுகிற மாதிரி ஒரு வலி.
ஆறாம் நாள், ஆயிரம் விளக்கில்,
இரண்டு கையிலும் குழாயைச் செருகி
என் ரத்தத்தை மெஷின் சலித்தது, ரவையைப்போல.
வேண்டியதை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை எனக்கே திருப்பிவிட்டது.
ஒரு சின்னப் பை. நீர்த்த தக்காளிச் சாறு நிறம்.

"ஆம்பளை, நாப்பத்தாறு வயசு.
அதுக்கு மேல கேக்கக் கூடாதுங்க" என்றாள் ஜெசிந்தா.
எவ்வளவு தூரமாவது?
"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஏத்திடுவாங்க."
தூரம் கேட்டால் நேரம் சொல்கிறார்கள்.
நானும் அதைத்தான் செய்கிறேன், கவுன்ட்டரில்.

பெட்டி வாங்க வந்தவர் நெட்டை மனிதர்.
காசிமேட்டில் மீன் வாங்கப் போகிற அளவுக்கு
ஒரு நீலப் பெட்டி.
கதவோரம் கையெழுத்துப் போடக் குனிந்தபோது
அவர் வாட்சில் ஏழு பத்து.
சுவரில் பதினொன்று நாற்பது.
சில்லறை எண்ணிய புத்தி சும்மா இருக்குமா?
நாலரை மணி என்று கழித்து வைத்துக்கொண்டேன்.

ராத்திரி போனில் தேடினேன்.
சென்னை – ஃபிராங்க்ஃபர்ட்:
ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம்.
பிறகுதான் உறைத்தது,
வாட்ச் அவருடையது. பெட்டி அவருடையது இல்லையே.
அங்கிருந்து மாறினால்?
சென்னை – சாண்டியாகோ: பதினாறாயிரத்து முந்நூறு.
படத்தில் கோடு நேராகப் போகாமல்
எதையோ சுற்றிக்கொண்டு போகிற ஆள் மாதிரி வளைந்தது.
பல்லாவரம் வீட்டின் மேல்
ஒன்று நாற்பது விமானம் எழும்பியது.
பாத்திர ஸ்டாண்டில் டம்ளர்கள் ஆடின.
தினமும் ஆடுபவைதான்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது.
எங்கோ ஒருவருக்கு
இனி ஓ பாசிட்டிவ் ஓடும்.
யாராவது வகை கேட்டால் பழசைச் சொல்லித் தொலைப்பார்.

மூன்றாம் நாள், மறுபடி கவுன்ட்டர்.
பதினொன்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
"மேடம், லைன் நிக்குது" என்றார் யாரோ.
துளைக்கு அந்தப்பக்கம்
சக்கரம் உடைந்த சூட்கேஸோடு ஒரு பையன்,
விமான நிலையக் காற்று இன்னும் சட்டையில்.
எங்கப்பா?
"தெரியலக்கா. மச்சான் போன் பண்றேன்னான்."
மணி நாற்பது ஆனது.

பீச்சுக்கு ஒன்று அடித்துக் கொடுத்தேன்.
கடைசி வரைக்கும் இருக்கு,
நடுவுல எங்க வேணா எறங்கிக்கோ.