உடம்படுமெய்

செவ்வாய், வியாழன், சனி.
குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி டயாலிசிஸ் கூடத்தில்
ஒன்பது நாற்காலிகள், ஒன்பது இயந்திரங்கள்,
தொலைக்காட்சி மட்டும் எட்டு.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்றுதான்.
ஆறில் வீப்கே.
முடி திருத்துபவள், வாய் ஓயாதவள்.
ஏழில் டெட்லெஃப்.
ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி.
சொல்லுக்கும் தீர்வை உண்டு என்பதுபோல்
அளந்து பேசுகிறவர்.

அவருக்கு வேண்டியது கப்பல்கள் பற்றிய ஆவணப்படம்.
அவளுக்கு, நாலு இருபதுக்கு வரும்
அந்தத் துப்பறியும் தொடர்.
ரிமோட் அவள் பக்கம்.
அவர் கையோ ஊசியோடு கட்டுண்டு கிடந்தது.
சனிக்கிழமை தொடர் கிடையாது.
அன்று மட்டும் கப்பல்.

முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டார்.
இரண்டாம் வாரம் ஒற்றைக் கண்ணை.
மூன்றாம் வாரம்,
"அந்தப் படகில் முத்திரையே இல்லை,
கொலைகாரன் அதில் வந்திருக்க முடியாது" என்றார்.

கதை என்ன பெரிய கதை.
ஆறாவது நிமிடம் ஒருவர் செத்துக் கிடப்பார்,
பளபளக்கும் காலணியோடு,
குளித்து முழுகிச் சாகப் போனவர்போல.
யாரும் நெடுநேரம் அழுவதில்லை.
விதவைகூட வந்தவர்களிடம்
காப்பிக்குப் பால் வேண்டுமா என்பாள்.

வந்து இறங்குவார்கள் இருவரும்.
அவள் வரித்துறையிலிருந்து மாற்றலாகி வந்தவள்,
கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுபவள்.
அவன் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பவன்,
பத்து வருடமாக வரியே கட்டாதவன்,
அவள் காரில் உட்கார்ந்து
உப்புமீன் வைத்த ரொட்டி தின்பவன்.
கண்ணாடியை இறக்கு என்பாள்.
குளிருது என்பான்.
இந்தச் சண்டையைக் கேட்கத்தான்
நாளுக்கொரு ஆளை
அந்த ஊர் காவு கொடுக்கிறது.

தமிழ் இலக்கணத்தில் ஒரு விதி.
இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால்
ஒன்றையொன்று பொறுக்காது.
இடையில் ஒரு மெய் வந்து படுக்க வேண்டும்.
யகரமோ, வகரமோ,
வாத்துப்பண்ணை முதலாளியோ,
கலங்கரை விளக்கத்துக் கணக்குப்பிள்ளையோ.
படுத்த மெய்யின் இருபுறமும் நின்று
இரண்டு உயிரும் பேசத் தொடங்கும்.
மெய்க்கு உண்மை என்றும் ஒரு பொருள்.
அது கடைசி ஐந்து நிமிடத்தில்.

ஒன்பதாம் நாற்காலி நவம்பரில் காலியானது.
யாரும் துப்பறியவில்லை.
யார் செய்தது என்று
எல்லோருக்கும் தெரியும்.
அன்று வீப்கே சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.
டெட்லெஃப் ஆட்சேபிக்கவில்லை.

அப்புறம்தான் பந்தயம் ஆரம்பித்தது.
பணம் இல்லை. ஐஸ் கட்டி.
தாகத்துக்கென்று செவிலி ஸ்வான்ட்யே
எண்ணிக் கொடுக்கும் இரண்டில் ஒன்று.
தங்கத்தைப் பணயம் வைப்பவர்களுக்கு
அதன் மதிப்பு தெரியாது.
"சமையல்காரி" என்பார் அவர்.
"போங்க, அவள் அழுத அழுகையைப் பார்த்தீர்களா,
மஸ்காரா கலையவில்லை,
ஆனால் அது நல்ல மஸ்காரா" என்பாள் அவள்.
ஜெயித்தவர் வாயில் ஐஸ்.
தோற்றவர் ஜன்னல் வழியே
எல்பா முகத்துவாரத்தைப் பார்ப்பார்.
அவ்வளவு தண்ணீர்.

மார்ச்சில் ஒரு நள்ளிரவு
ஹனோவரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.
சிறுநீரகம் பொருந்துகிறதாம்.
எங்கோ ஒரு மெய்.
அதன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள்,
அவரும் கேட்கவில்லை.

ஏழில் இப்போது காதை அடைத்துக்கொண்ட ஓர் இளைஞன்.
ரிமோட் இப்போதும் வீப்கேயிடம்தான்,
பிடுங்க ஆளில்லாத ரிமோட்.
இரண்டு செவ்வாய் தொடரைப் போடவில்லை.
சுவரைப் பார்த்தாள்.
சுவரில் யாரும் சாகவில்லை.

ஒரு மே மாத வியாழன்.
நாலு ஐம்பதுக்குக் கைபேசி அதிர்ந்தது.
"தோட்டக்காரன்" என்றது அளந்து பேசும் குரல்.
"காலையிலேயே இணையத்தில் பார்த்துவிட்டேன்."
"படுபாவி" என்று வைத்துவிட்டாள்.
அதற்குள் எந்தத் தொடர், எந்தத் தோட்டக்காரன் என்று
தேடித் திருப்பியும் விட்டாள்.

கடைசி ஐந்து நிமிடம்.
தோட்டக்காரன் இல்லை.
கால்நடை மருத்துவர்.

முப்பத்தோரு வருடச் சேவையில்
சோதனைச் சாவடி தாண்டி
அந்த மனிதர் செய்த முதல் கடத்தல்.

ஊசியில்லாத கையால்
ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
செவ்வாய் வரட்டும்,
வைத்துக்கொள்கிறேன்.