இருநூற்றைம்பது சொல்

ஜனவரி, பின்னேரம் மூன்றே முக்கால்.
ஸ்கார்பரோவில் பனி அள்ளும் வண்டி
பள்ளிக்கூடத்தை உரசிக்கொண்டு போனது.
வழிகாட்டல் அறையில் ஹீட்டர் இருமியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு
நான் ஒருத்தி, ஒரு கதிரை, ஒரு பிரின்டர்.
பிரின்டரில் மை இல்லை.

அன்றிரவு நடுச்சாமத்தோடு படிவம் மூடும்.

ஹோடான் வந்தாள்:
தாதியர் படிப்புக்கு உயிரியலில் எத்தனை வீதம் வேண்டும்?
மார்க்கோ வந்தான்:
கட்டணம் கட்ட அம்மாவின் கார்டு வேலை செய்யவில்லை.
இன்னொருத்தி வாசலில் நின்று அழுதுவிட்டு
ஒன்றுமில்லை மிஸ் என்று போனாள்.
பெயரைக் குறித்துவைத்தேன், நாளைக்குத் தேட.

பிறகு கீர்த்திகன்.
பொறியியல். வாட்டர்லூ, ஒட்டாவா, குவெல்ஃப்.
கையில் இரண்டு தாள், அறுநூற்றுப் பதினொரு சொல்.
கேள்வி: நீ எதிர்கொண்ட சவால் ஒன்றை விவரி.
எல்லை: இருநூற்றைம்பது.

"எவ்வளவு வெட்டோணும் மிஸ்?"
"பாதிக்கு மேல."

உறைமழை பெய்த டிசம்பரை எழுதியிருந்தான்.
மூன்று நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை.
பேக்கரியில் இரவு வேலை செய்யும் அப்பா
விற்காத பாணை ஆறு தட்டில் கொண்டுவந்திருக்கிறார்.
இருபத்திரண்டு மாடி.
தட்டுகளோடு அவர் முன்னால்,
டோர்ச்சோடு இவன் பின்னால்,
மாடிக்குப் பதினாறு படி என்று
எண்ணி எண்ணி ஏறியிருக்கிறான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
பாண் சம்பந்தமில்லை என்றேன்.
அப்பா நல்லவர்தான், ஆனால்
விண்ணப்பிப்பது அவர் இல்லையே என்றேன்.
ரோபோ குழுவைப் போடு,
கணிதப் போட்டியில் வந்த இடத்தைப் போடு,
தலைமைத்துவம் என்ற சொல் எங்கேயாவது தலைகாட்டட்டும்.
பதினாறு வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.
பிழையுமில்லை,
இதைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனவர்கள் நிறைய.

தலையாட்டினான்.
தலையாட்டலில் எத்தனை வகை உண்டென்று
இந்தக் கதிரையில் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
எனக்கு அப்போது பசி.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மின்னஞ்சல்:
"அனுப்பிட்டன் மிஸ். சொரி."

அடுத்த நாள் திறந்து காட்டினான்.
ஒரு சொல்லும் வெட்டவில்லை. முழுவதையும் ஒட்டியிருக்கிறான்.
பெட்டி தன் பங்கை விழுங்கிவிட்டு
மிச்சத்தை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டது.
கடைசி வரி இப்படி நிற்கிறது:

பதினோராம் மாடியில் ஒரு கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து

அவ்வளவுதான்.
முற்றுப்புள்ளிகூட இல்லை.

மூன்று ஊரில் யாரோ மூன்று பேர்
கோப்பி ஆறிப்போன மேசையில்
அன்றைய நாற்பதாவது படிவமாக அதைத் திறந்திருப்பார்கள்.
அந்த இருட்டு நடையில்
பாண் மணக்க நின்றிருப்பார்கள்,
தட்டிய கை தட்டியபடி.

ஏப்ரலில் ஒட்டாவா ஓம் என்றது.
குவெல்ஃப் இல்லை என்றது.
வாட்டர்லூ இன்னும் வாய் திறக்கவில்லை.
எது எதனால் என்று எழுதி அனுப்பமாட்டார்கள்.
கேட்டால் அவர்களுக்கே தெரியுமோ என்னவோ.
வாசலில் அழுத பிள்ளையைத் தேடிப் போனபோது
மொன்றியலுக்கு வீடு மாறிவிட்டாள் என்றார்கள்.

அந்த இரண்டு தாளும் என் லாச்சியில்,
சிவப்புக் கோடுகளோடு.
உள்ளேயிருந்து யார், என்ன சொன்னார் என்று
எனக்குத் தெரியும்.
அந்த வரியின் மேல்தான் இரண்டு தரம் கோடு இழுத்திருந்தேன்.

இன்று கடன் படிவத்தோடு வந்தான்.
பெற்றோர் வருமானம், வரி இலக்கம், ஒப்பம்.
அப்பாவின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி
அரை அங்குலம் வெளியே போயிருந்தது.
"இது பரவாயில்லையா மிஸ்? திருப்பி வாங்கோணுமா?"

பேனாவைத் தேடின கையை
மடியில் வைத்துக்கொண்டேன்.
இருக்கட்டும், என்றேன்.