பத்தொன்பதாம் நம்பர்

தை பிறந்து ஒன்பது நாள்.
பழம் இறங்கிவிட்டது, லாரி நெம்மாறை தாண்டிவிட்டது.
நெல்லியாம்பதியில் இப்போது
மரங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.
எனக்குத்தான்.

நாற்பத்து மூன்று ஆரஞ்சு.
மரத்துக்கு முந்நூறு ரூபாய் குத்தகை,
காய்த்தாலும் காய்க்காவிட்டாலும்.

முதலில் செத்த கிளை.
நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியவேண்டும்,
தெரியாதது விறகு.
அப்புறம் நீர்க்கொம்பு. தளதளவென்று
நட்டக்குத்தலாய்க் கிளம்பும், ஒரு பூ வைக்காது.
புதிதாய் வேலைக்கு வருகிறவர்கள்
அதை வெட்டத்தான் தயங்குவார்கள்.
ஒட்டுக்குக் கீழே முளைப்பது வேறு வம்சம்.
கசக்கினால் எலுமிச்சை மணம், முள்ளோ விரல் நீளம்;
விட்டால் மரத்தையே எழுதி வாங்கிக்கொள்ளும்.
நுனியில் புல்லுருவி.
அது கிளையோடுதான் போகும்.

எல்லாம் கழித்தபின் அடியில் நின்று
கையை விரிப்பேன்.
தரையில் ஐந்து விரலும் நிழலாய் விழுந்தால் போதும்.
வேறு அளவு எனக்குத் தெரியாது.

பத்தரைக்கு ரைட்டர் ஔசேப்பு வந்தார்.
குடையை மடக்காமலே
‘நாரகம் நட்டேடம், நாரி பரிச்சேடம்’ என்று ஆரம்பித்து
என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார்.
மீதி எனக்கும் தெரியும்.
அந்த மரம் இருக்கிற இடமும்
பொம்பளை ஆள்கிற இடமும் உருப்படாதாம்.
இங்கே ரெண்டும் இருக்குங்க சாரே,
எண்ணிக்கோங்க என்றேன்.
எண்ணத்தான் வந்திருந்தார்.
கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார்.

நான் பத்தொன்பதில் இருந்தேன்.
மூன்று வருஷமாய் அதற்கு ஒரு பக்கம் மஞ்சள்.
சாணிப்பால் ஊற்றியாயிற்று.
துளைப்பான் புழுவென்று நினைத்து
சைக்கிள் கம்பி விட்டுத் துழாவியாயிற்று.
கொழிஞ்சாம்பாறைக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு
சீக்கு, வேரோடு எடு என்றான்.
இன்றைக்கு ஏணி வேண்டாமென்று
கவட்டையில் கால் வைத்து ஏறினேன்.
முகத்துக்கு நேரே பட்டை
உதடு மாதிரி மடிந்திருந்தது.
உதட்டுக்குள் கம்பி.

நம்பர் கட்டிய கம்பி.
எந்த வருஷமோ ஆபீஸ் ஆட்கள் வந்து
விரல் தடிமன் கிளையில் முறுக்கிவிட்டுப் போனது.
கிளை இப்போது என் புஜம் அளவு.
கம்பி அன்றைய அளவிலேயே.

ஐந்து நாளாய் நான்
மரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

தாசப்பன் ஜீப்பிலிருந்து பிளேயர் வாங்கி வந்தேன்.
முறிந்தபோது சின்னதாய் ஒரு சத்தம்,
கொலுசுத் திருகாணி கழன்றது போல.
பாதிக் கம்பி உள்ளேயே நின்றுவிட்டது.
நிற்கட்டும், பிடுங்கினால் பட்டை உரியும்.
தகரம் மட்டும் மடியில் விழுந்தது.

கீழ் வரிசையில் ஔசேப்பின் குரல்,
இருபத்தொன்று, இருபத்திரண்டு.

யோசித்தேன் என்று சொல்லமாட்டேன்.
வெட்டுவாயில் பூச
காலையில் மண்சட்டியில் கலக்கி வைத்திருந்தேன்,
மயில்துத்தமும் சுண்ணாம்பும்.
கை அதில் தகரத்தைப் போட்டது.
நீலத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை.

நாற்பத்திரண்டு என்றார்.
திரும்ப எண்ணினார், தகரம் தகரமாய்.
நாற்பத்திரண்டு.
மயிலாத்தா, போன கொல்லம் நாற்பத்து மூன்றல்லே?
ஒண்ணு பட்டுப்போச்சுங்க.
இலையைப் பாருங்க.
பார்த்தார். மஞ்சளாய்த்தான் இருந்தது.
நோட்டில் அடித்தார்.

சாயங்காலத்துக்குள்
எல்லா வெட்டுக்கும் பூசி முடித்தேன்.
பத்தொன்பதுக்கு,
இனி அதை என்ன சொல்லிக் கூப்பிடுவது,
அதற்குக் கொஞ்சம் தடிப்பாய்.
மிச்சமான முந்நூறுக்கு
அதன் வேருக்கே பத்துக் கிலோ புண்ணாக்கு வாங்கலாம்.
வாங்குவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கழுவும்போது சட்டியடியில் தகரம் தட்டுப்பட்டது.
சுண்ணாம்பு குறைந்தால்
துத்தத்தில் போட்ட இரும்பில் செம்பு ஏறும்.
அடுப்பு வெளிச்சத்தில்
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.
ஏறவில்லை.
கலவை சரியாகத்தான் இருந்திருக்கிறது.