சைஹான், வழி: கோத்தகிரி

ஜான்ஸ்டோன் சதுக்கத்தில் மருந்துக் கடை.
ஐந்தரைக்கு மேல்
மூடுபனியும் ஒரு வாடிக்கையாளர்தான்:
உள்ளே வரும், எதுவும் வாங்காது,
கண்ணாடியில் கை வைத்துவிட்டுப் போகும்.

டாக்டரம்மா என்கிறார்கள்.
இன்னும் இல்லை.
பதினோரு மதிப்பெண் பாக்கி,
மூன்றாம் முறையும்.

ஆறு குளிர்காலம் நான் படித்த இடம் சைஹான்.
வட சீனத்தில், ஹோஹோட் நகரத்தின் ஒரு வட்டம்.
சைஹான் என்றால் அழகு என்றாள் சரண்கெரெல்,
வார்டில் எனக்காக நோயாளிகளை மொழிபெயர்த்தவள்.
சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.
இருபத்தேழு மாடிகள், வரிசை வரிசையாக,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிரேன்.
இருவரும் சிரித்தோம்.

அங்கே பலகைகளில் இரண்டு எழுத்து.
சீனம் கிடையாக.
மங்கோலியம் மேலிருந்து கீழாக,
கூரை விளிம்பில் சொட்டி
பாதியில் உறைந்துபோன தண்ணீர் மாதிரி.
வங்கியில், பல் மருத்துவமனையில்,
ஆட்டுக்கறி ஷாவ்மாய் விற்கும் கடையில்,
கழிப்பறை வாசலில்கூட.
இதை எத்தனை பேர் வாசிப்பார்கள் என்றேன்.
மாவுத் தோலைக் கடித்தபடி சொன்னாள்:
"நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.
என் தம்பி அதை டிசைன் என்று நினைக்கிறான்."

விளக்குக் கம்பங்களில் இரும்புக் குதிரைகள்.
குதிரை வளர்த்தவர்கள் பன்னிரண்டாம் மாடியில்
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரில் முதுகைச் சாய்த்து
டிவியில் புல்வெளி பார்த்தார்கள்.
சோகமாகச் சொல்லவில்லை இதை.
முழங்கால் வலி விட்டது என்று சரணின் அப்பாவே சொன்னார்.
மைனஸ் இருபத்து நான்கில்
குதிரைக்குத் தண்ணீர் காட்டியவருக்கு
லிஃப்ட் ஒன்றும் துரோகமில்லை.

அவர்கள் வீட்டுத் தேநீரில் பாலோடு உப்பு.
முதல் மடக்கில் முகம் சுளித்து, சமாளிக்க
எங்கள் ஹட்டியின் உப்பட்டுவ ஹப்பாவைச் சொன்னேன்,
மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் ஊட்டும் நாளை.
அவர் மகளிடம் ஏதோ கேட்டார்.
அவள் தயங்கித் தயங்கி:
"அப்படியானால் நாங்கள் உங்கள் மாடுகளா என்கிறார்."
பிறகு இன்னொரு கிண்ணம் ஊற்றினார்.

ஹோஹோட் என்றால் நீல நகரம்.
நீலகிரிக்காரி என்றதும் கைதட்டினார்கள்.
நாலாம் மாதம் நானும் சரணும் ஒப்புக்கொண்டோம்:
நிலக்கரிப் புகையில் அது சாம்பல்,
பனியில் இது.

நேற்று ஒரு படம் அனுப்பினாள்.
தெருமுனைப் பள்ளி, புதுப் பலகை.
சொட்டும் எழுத்து சின்னதாகி
ஓரத்துக்குப் போயிருந்தது.
அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே மட்டும்:
"உங்கள் ஊர்ப் பலகையை அனுப்பு."

எங்கள் ஊர்ப் பலகை.
என் மொழிக்கு எழுத்தே கிடையாது சரண்.
வீட்டில் படுகு பேசி
மளிகைச் சீட்டைத் தமிழில் எழுதுகிறோம்.
ஜான்ஸ்டோன் யாரென்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை,
அவருக்குச் சதுக்கம் இருக்கிறது.
மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு
கம்பட்டன் என்ற கோத்தர் வருகிறார்.
பில்லில் முகவரி எழுதச் சொன்னால்
தன் மக்களின் பெயரையே எழுதுகிறார்:
கோத்தகிரி, 643217.
"உங்க பேர்லதானே ஊரே இருக்கு" என்றேன் ஒருநாள்.
"மீதி ரெண்டு ரூபா கொடும்மா" என்றார்.

ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஸ்டாண்டு போனேன்.
பலகையில் பாதியைப் பனி தின்றிருந்தது.
போனைக் குறுக்கே பிடித்து எடுத்தேன்,
கை விறைத்து, அவசரமாக.
அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்:
படம் சரிந்து நிற்கிறது.
கோ, த், த,
ஒன்றன் கீழ் ஒன்றாகத் தலைசாய்த்து
வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

அங்கே நள்ளிரவு நெருங்கும்.
உடனே பதில் வந்தது:
"இதில் எது மேல்?"

தட்டச்சு செய்தேன். அழித்தேன்.
ஒரசோலை பஸ் ஹாரன் அடித்தது.