பணியக்கணக்கு வளைவு

றோட்டு மேட்டில் எண்ணெய்த் தாங்கி.
ஆயிரத்து நானூறு அடி கீழே ஸ்டோர்.
நடுவில் மூன்று அங்குல இரும்பு
எட்டாம் நம்பர் மலையைச் சுற்றி வந்து
பணியக்கணக்கு ஓடையில் ஒருமுறை குனிந்து
நிமிர்ந்து
உலைக்குள் போகிறது.
குனிகிற இடம்தான் சங்கடம்.

பன்னிரண்டாயிரம் கிலோ கொழுந்து வந்த நாளில்
இராப் பகலாய் எண்ணெய் ஓடியது.
குழாயில் கை வைத்தால்
காய்ச்சல்காரன் முதுகு.
மழையில் நனைந்த நாய்கள்
அதன் ஓரமாய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது மூவாயிரம்.
ஐந்தாம் மலையில் மானாப்புல் ஆள் உயரம்.
ஒன்றுவிட்டு ஒருநாள் கொழுந்து,
ஒன்றுவிட்டு ஒருநாள் உலை.
நடுநாள் முழுக்க
எண்ணெய் நின்ற இடத்தில் நிற்கிறது.
அப்கொட் குளிரில் கூழாகிறது.
அதற்குள் ஒளிந்து வந்த தண்ணீர்
அவசரமில்லாமல் பிரிந்து இறங்கி
வளைவின் அடியில் உட்கார்ந்து
இரும்பைத் தின்கிறது.

பெரியதுரை சொன்னார்:
"முன்னைக்குக் கால்வாசி வேலைதானே,
இன்னும் இருபது வருசம் தாங்கும்."
உழைத்தால்தான் தேயும் என்பது அவர் படித்த கணக்கு.
சும்மா கிடந்தே ஓட்டையாகும் ஒன்றை
எந்தப் படிவத்தில் எழுதுவது?
இதற்கு அரைப்பேர் போடவும் முடியாது.

ஆடியில் ஒருநாள்
சாக்கைச் சுருட்டிக் கம்பி கட்டி
மேல்முனையில் செருகினோம், உள்ளே வழித்துக்கொண்டு வரட்டுமென்று.
முன்பெல்லாம் எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு வரும்;
கீழே ராக்கப்பன் வாளியோடு நிற்பான்,
ஒரு பீடி முடியுமுன் கரிச்சேற்றோடு வந்து விழும்.
இந்த முறை பீடிக்கட்டு முடிந்தது.
தள்ளுவதற்கு எண்ணெய் போதவில்லை.

சுமனதாசவும் நானும்
ஸ்பானரால் தட்டித் தட்டி இறங்கினோம்.
வெற்றுக் குழாய் மணிபோலப் பேசும்.
சேறு நிறைந்தது
வாயில் சோறு வைத்தவன் போலப் பேசும்.
ஓடை வளைவில் பேச்சே இல்லை.
சுமனதாச மறுபடி தட்டினான், கொஞ்சம் பலமாக.
தட்டாமல் இருந்திருக்கலாம்.
துரு உதிர்ந்தது.
கடுகளவு துளை.
கறுப்பாய் ஒரு சொட்டு
யோசித்து யோசித்து உருண்டது.

நாங்கள் பலகையும் துணியும் தேடி ஏறி இறங்குவதற்குள்
அது ஓடையில் இறங்கி
பீலிக்குப் போய்விட்டது.

மறுநாள் விடிய
கடைசி லயத்து லோகாம்பாள்
கொழுந்துக் கூடையில்லாமல் ஆபீசுக்கு வந்தாள்.
கையில் வாளி.
தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவும்
மெல்லச் சுழன்றன.
மேசையில் பெறுவழிக் கடிதங்கள் மேலேயே வைத்தாள்.
"ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க,
இன்னும் எத்தனை வருசம் தாங்கும்?"

துரை என்னைப் பார்த்தார்.
நான் வாளியைப் பார்த்தேன்.
மூன்று வருசமாய் எனக்குத் தெரியும்,
அதைத்தான் அவளும் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

புதுக் குழாய்க்கு
கொழும்பிலிருந்து பதில் வந்தது:
உற்பத்தி கூடினால் பரிசீலிக்கலாம்.

ஆகவே லொறி டியூபில் வெட்டிய ரப்பர்,
அதன் மேல் இரண்டு அரைவளையம்,
நாலு போல்ட்.
அதற்கு ஓர் அடி தள்ளி
இன்னொரு இடம் விரல் பட்டால் நெளிகிறது.
அதையும் எழுதினேன், இந்த முறை சிவப்பு மையில்,
கார்பன் தாள் வைத்து;
ஒரு பிரதி லோகாம்பாளிடம் இருக்கிறது.

உலை இல்லாத நாட்களில்
விடியுமுன் வளைவுக்குப் போகிறேன்.
அடி வால்வைத் திறந்து வாளி வைத்தால்
முதலில் தண்ணீர் வரும், பிறகு எண்ணெய்.
போன மாதம் அரை வாளி.
இன்று ஒரு வாளி நிறைந்து
அடுத்ததை வைத்தேன்.
இன்னும் தண்ணீர்தான்.