பங்காளி

ஜெனீவாவிலிருந்து வந்த படிவத்தில்
நாற்பத்தியொரு இடத்தில் அந்தச் சொல் இருந்தது.
மாட்டுத்தாவணி ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே
பேனாவால் தமிழாக்கினேன்:
பங்காளி.

சிலைமான் தாண்டி, செங்கல் சூளைகளுக்கு நடுவில்
சமுதாயக் கூடம்.
நாற்காலி இருபது போட்டிருந்தார்கள். வந்தது ஆறு பேர்.
அதிலும் பஞ்சாயத்து எழுத்தர்
கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு பைக்கை உதைத்தார்.
நான் வாசித்தேன்:
"குழந்தைகளின் உரிமைக்காக
இன்று முதல் நாமெல்லாம் பங்காளிகள்."

பஸ் டைம் கீப்பர் சிக்கந்தர் வாய்விட்டுச் சிரித்தார்.
"வரப்புக்கு வெட்டிக்கிறவன் பேருதான் சார் பங்காளி.
சுமுகமாப் போகணும்னா மாமன் மச்சான்னு போடுங்க."
சூளைக் கணக்கர் தவசிலிங்கமும் சிரித்தார்.
அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.
நான் அடிக்கப் போனேன்.

"அடிக்காதீங்க" என்றார் ஒச்சம்மாள்.
மகளிர் குழுவின் கடன் நோட்டு அவர் மடியில் இருந்தது.
"பங்காளின்னா
ஒரு வீட்டுச் சாவுக்கு அத்தனை வீட்டுக்கும் தீட்டு.
போன சித்திரை மழையில, மண்ணெடுத்த குழியில
விழுப்புரத்துப் பிள்ளை ஒண்ணு மிதந்துச்சே,
இங்க யாரு வீட்டுல அடுப்பு அணைஞ்சுச்சு?"

தவசிலிங்கம் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"சிவராத்திரிக்குப் பெட்டி தூக்குறப்ப
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும்
வரி கட்டித்தான் ஆகணும். கட்டுங்க."

வரி பிரிந்தது.
மாற்றுச் சான்றிதழ் இல்லாமலே சேர்த்துக்கொள்கிறேன் என்றார்
ஜெயசீலி டீச்சர். சட்டம் எப்போதோ சொன்னதுதான்,
அவர் இன்றைக்குத்தான் சொன்னார்.
எட்டேகால் வண்டியைச் சூளை முக்கில் நிறுத்தச் சொல்வது சிக்கந்தர்.
எங்கள் நிறுவனம் பணம். அதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.
காலையில் பிள்ளைகளைக் கல் திருப்ப விடாமலிருப்பது,
குழியைச் சுற்றி வேலி:
"முதலாளியக் கேக்கணும்" என்றார் தவசிலிங்கம்.
மூன்று தரம் என்றார்.

கதவருகே ஒரு சிறுமி,
இடுப்பில் மூக்கொழுகும் குழந்தை.
அஞ்சலாட்சி. ஒன்பது வயதிருக்கும்.
"நான் பள்ளிக்கூடம் போனா
தம்பிய எங்க உடறது?"

அதைக் கேட்க
நாற்பத்தியொரு இடத்திலும் இடமில்லை.
அங்கன்வாடி ராக்கம்மாவைக் கூப்பிட
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
ஒச்சம்மாள் போன் போட்டார்.
"முட்டை எண்ணிக்கிட்டு இருக்கேன்,
மொத்தம் எத்தனை பிள்ளைகன்னு சொல்லு."

என் படிவத்தில் பன்னிரண்டு.
தவசிலிங்கத்தின் பேரேட்டில் கல் உண்டு, உடைந்த கல் உண்டு,
பிள்ளை என்று ஒரு வரி கிடையாது.
"பெருசு பதினேழு, கைப்புள்ள அஞ்சு"
என்றாள் அஞ்சலாட்சி,
தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே.

சென்னை அலுவலகத்தில் மொழி பார்ப்பவர் எழுதினார்:
பங்காளி பொருத்தமில்லை, கொஞ்சம் பகை தொனிக்கிறது,
கூட்டாளி என்று மாற்றலாமா?
தீட்டு உள்ள சொல்லாக வேறொன்று கிடைத்தால்
மாற்றுங்கள் என்று பதில் போட்டேன்.

திங்கட்கிழமை வண்டி நிற்கவில்லை.
சிக்கந்தர் டெப்போவில் சட்டையைப் பிடித்ததாகக் கேள்வி.
செவ்வாய் நின்றது, முக்கைத் தாண்டி முப்பதடி தள்ளி.
ஓடி ஏறியவர்களை எண்ணினேன். பதினொன்று.
அஞ்சலாட்சி கடைசியாக ஏறினாள்,
ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது.

மீதி ஆறு பேர்
காயாத கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை நானே சூளைக்குப் போனேன்,
வேலியைக் கேட்க.
முதலாளி நல்ல மனிதர்போலப் பேசினார்.
சாப்பாட்டு நேரம், இலை போடச் சொன்னார்.
குழியில் அரை ஆள் தண்ணீர்.
கை நனைக்காமல் திரும்பினேன்,
பங்காளி மாதிரி.